புதுப்பிப்பு: சிப்பிப்பாறைக் குட்டி ஹாலில் ஒண்ணுக்குப் போவது நின்றது

மூன்று வாரம் முன்பு, 10 வார சிப்பிப்பாறை நாய்க்குட்டி வீடு முழுக்க ஒண்ணுக்குப் போய் நனைக்கிறான் என்று புலம்பியிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலித்தது நேரம் பார்த்துத் தூக்கிப்போகச் சொன்ன யோசனைதான். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட 10-15 நிமிடத்திலும், விளையாடி முடித்ததும் மொட்டைமாடி மண்தொட்டிக்கு ஓட்டம். தடுப்பூசி முடியாததால் தெருவுக்கு விடவில்லை. தொட்டியில் ஒண்ணுக்குப் போன உடனே பரிசாக ஒரு துண்டு வேகவைத்த கோழி. ராத்திரி 2 மணிக்கு அலாரம் வைத்து ஒரு தடவை, அதுதான் கொடுமை. செய்தித்தாள் விரித்துப் பார்த்தேன், கிழித்துத் தின்றான்.

எதிர்பாராதது கால்மிதி. ஹாலை விட்டவன் அதை மட்டும் விடவில்லை. பினாயில் வாசம் நமக்குத்தான், அவன் மூக்குக்குப் பழைய வாடை அப்படியே இருந்திருக்கும். சிறுநீர் வாடையைச் சிதைத்துப் போக்கும் என்சைம் கிளீனரால் தரையைத் துடைத்து, கால்மிதியையே எடுத்துவிட்டேன். அதன்பிறகு ஒரே ஒரு தடவை, அதுவும் மாமாவைப் பார்த்த குஷியில்.