தானாக வளர்ந்த தோட்டமும் தவறாகக் கொன்ற பூச்சியும்: உங்கள் அனுபவம் என்ன?

வேலியோரம்:
பாத்தி கட்டி, கயிறு பிடித்து, செடிக்குச் செடி முழம் அளந்து நட்ட ஆள் நான். மூன்று ஆண்டுகளுக்கு முன் முதுகுவலியில் இரண்டு மாதம் படுத்துவிட்டேன். எழுந்து போய்ப் பார்த்தால், கத்தரிக்கு நடுவே தக்காளி தானாக முளைத்துக் காய்த்திருக்கிறது. பறிக்காமல் விட்ட கொத்தமல்லி முழங்காலைத் தாண்டி வெள்ளைப் பூக்குடை விரித்திருக்கிறது. தும்பையும் மூக்குத்திப்பூவும் நடக்கிற வழியைப் பிடித்துக்கொண்டன. களைக்கொத்தோடு குனிய முடியாததால்தான் அப்படியே விட்டேன். இயற்கை, கொள்கை என்பதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்ட பேச்சு.

அப்படி விட்ட பிறகு செய்த முதல் தவறு இன்னும் உறுத்துகிறது. செம்பருத்தி நுனியில், செடியின் சாற்றை உறிஞ்சும் வெள்ளை மாவுப்பூச்சி அப்பியிருந்தது. அவற்றின் நடுவே இரண்டு மூன்று மடங்கு பெரிதாக, உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழை தொங்க, பஞ்சுத் திரியைப் போலச் சில கிடந்தன. தாய்ப்பூச்சி இவைதான் என்று நானே தீர்ப்பெழுதி, பழைய பல் பிரஷால் தேய்த்துச் சோப்புத் தண்ணீரில் தள்ளினேன். ஒன்று மட்டும் தப்பி, கிளை வழியே விறுவிறுவென ஓடியது. மாவுப்பூச்சிக்கு ஏது அந்த ஓட்டம்? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவை மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் வண்டின் புழுக்கள். இரையைப் போலவே வெள்ளை மெழுகு போர்த்துக்கொண்டு இரைக்கு நடுவிலேயே குடியிருக்கும். வளர்ந்தால் கறுத்த முதுகும் ஆரஞ்சுத் தலையுமாக, மிளகைவிடச் சிறிய வண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இதை 1891-இல் கலிபோர்னியாவின் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களுக்கு வேண்டுமென்றே கொண்டுபோய் விட்டார்கள். இன்றும் காசு கொடுத்து வாங்கி விடுகிறவர்கள் உண்டு. என் வீட்டுக்குத் தானாக வந்ததை நான் சோப்புப் போட்டுக் கொன்றேன். இப்படி ஆள் தெரியாமல் அடித்தவர்கள் வேறு யாரும் உண்டா?

கொடிவீடு:
வேலியோரம் ஐயா, நான் கொல்லவில்லை. கொல்லக் கையை நீட்டிவிட்டேன். கறிவேப்பிலைக் கன்றின் இலைமேல் காக்கை எச்சம்போல ஏதோ ஒட்டியிருந்தது. துடைக்கப் போனால் நகர்கிறது. நான்கு நாளில் அந்த எச்சம் பச்சைச் சட்டை மாற்றிக்கொண்டு விரல் தடிமனுக்கு வந்துவிட்டது. குச்சியால் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து செக்கச்சிவந்த கவைக்கொம்பு ஒன்று வெளியே வந்தது. கூடவே அழுகிய பழம்போல ஒரு நாற்றம். பயந்து குச்சியைப் போட்டுவிட்டேன்.

எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு என்று பிறகு தெரிந்தது. கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பம்தானே, அதனால் இரண்டிலும் முட்டையிடுமாம். நான் பெரிய மனசுக்காரி அல்ல. கன்று சின்னது, புழு ஏழு. ஐந்தை எடுத்துப் பின்புறத்து எலுமிச்சை மரத்தில் விட்டேன். மீதி இரண்டில் ஒன்றைக் குளவி தூக்கிப்போனது. மற்றது கூட்டுப்புழுவானது. அது வெளியே வந்த காலையில் நான் பல் துலக்கிக்கொண்டு நின்றேன். கசங்கிய துணிபோல இருந்த இறகு விரிந்து முடிய அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வாயில் நுரை காய்ந்தே போனது.

மண்புழு:
எல்லோரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன். தானாக வளரட்டும் என்று விட்டதில் எனக்கு இரண்டு ஆண்டு நட்டம்.

தரையை மூடும், மஞ்சள் பூப் பூக்கும், தண்ணீர்கூடக் கேட்காது என்று சொல்லித் தெரிந்தவர் ஒருவர் வெடேலியா துண்டு கொடுத்தார். எல்லாமே உண்மை. அந்தக் கொடி மண்ணைத் தொடும் ஒவ்வொரு கணுவிலும் வேர்விடும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அடுத்த மழைக்குள் கீழாநெல்லி, பொன்னாங்கண்ணி, நான் விதைத்த கீரை, எல்லாம் அதன் அடியில் போயின. பிடுங்கினால் கணுவோடு ஒடிகிறது; ஒடிந்த துண்டு மறுபடி முளைக்கிறது. ஒருநாள் பிடுங்கிய குவியலை மட்குக்குழியில் போட்டுவிட்டேன். முட்டாள்தனம். குழியே பூத்தது.

பத்து வகை ஒன்றாக வாழ வேண்டுமானால் ரவுடி ஒருவனை வெளியேற்றத்தான் வேண்டும். இப்போது புதினாவைக்கூட அடியில் துளையுள்ள தொட்டியோடுதான் மண்ணில் புதைக்கிறேன்.

ஓட்டுத்திண்ணை:
ரோஜா இலைகளில் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல அரைவட்டம் அரைவட்டமாக இருந்தது. மருந்து கலக்கி வைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு தேனீ இலைத்துண்டைச் சுருட்டி வயிற்றடியில் இடுக்கிக்கொண்டு பறந்து, திண்ணையில் கிடந்த மூங்கில் நாற்காலியின் காலுக்குள் நுழைந்தது. இலைவெட்டித் தேனீ. இலையைத் தின்னாது, குஞ்சுக்கு அறை கட்டும். ஒவ்வோர் அறையிலும் மகரந்தமும் தேனும் பிசைந்து வைத்து ஒரு முட்டை. மருந்தை அடிக்கவில்லை. நாற்காலியில் அந்த மாதம் யாரும் உட்காரவும் இல்லை.

அரைநிழல்:
பூச்சிக்கதை என்னிடம் இல்லை. என் வம்பு செடிகளோடும் மனிதர்களோடும்.

வட அமெரிக்கப் பழங்குடிகள் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் வளர்ப்பார்கள். சோளம் கொடிக்குக் கொம்பு, பீன்ஸ் வேர் முடிச்சுகளில் தழைச்சத்து, பூசணி இலை மண்ணுக்கு மூடாக்கு. படித்ததும் மூன்றையும் ஒரே நாளில் ஊன்றினேன். பீன்ஸ் முந்திக்கொண்டது. நான்கு இலை விட்ட சோளத்தின் கழுத்தைச் சுற்றி இழுத்துத் தரையில் சாய்த்தது. சோளம் ஒரு சாண் வளர்ந்த பிறகே பீன்ஸை ஊன்ற வேண்டும் என்பதை அடுத்த பருவத்தில் கற்றேன். இப்போது காய்ப்பு முடிந்த பீன்ஸை வேரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் வெட்டிவிடுகிறேன். ஒருமுறை வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே இளஞ்சிவப்பு. முடிச்சு வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

மனிதர்கள் கதை சுருக்கமானது. பக்கத்து வீட்டுக்காரர் வாரம் ஒருமுறை "பாம்பு வரும்" என்பார். அவர் சொல்வதில் நியாயமும் உண்டு. வாசலை ஒட்டிய அடர்த்தியைக் குறைத்தேன். பிறகு ஓரத்தில் ஒரு வரிசை கல் பதித்து, நடுவே ஓர் ஒற்றையடிப் பாதையை மட்டும் சுத்தமாக வைத்தேன். செடிகளைத் தொடவே இல்லை. மறுவாரம் அதே மனிதர், "தோட்டத்தை நன்றாகத் திருத்திவிட்டீர்களே" என்றார்!

வேலியோரம்:
மண்புழு சொன்ன ரவுடி என் வீட்டிலும் உண்டு, பெயர் சர்க்கரைவள்ளி. வாரம் ஒருமுறை அதன் நுனியை மட்டும் கிள்ளுகிறேன்.

கொடிவீடு அம்மாவைப் படித்துவிட்டு இன்று காலை உருப்பெருக்கிக் கண்ணாடியோடு தோட்டத்துக்குப் போனேன். தட்டைப்பயற்றுக் கொழுந்தில் சாறு உறிஞ்சும் சின்னஞ்சிறு பூச்சியான அசுவினி கொத்தாக இருக்கிறது. பக்கத்தில் கொத்தமல்லிப் பூவின்மேல் மஞ்சள் கறுப்புப் பட்டை போட்ட சிறு ஈ அந்தரத்தில் நின்று பறந்தது. குளவி மாதிரி வேடம், ஆனால் கொட்டாது. அதன் புழுக்கள் அசுவினியைத் தின்னும். அசுவினிக் கூட்டத்துக்குள் பச்சையாக, காலில்லாமல், அட்டைபோல நெளிந்த ஒன்றைப் பார்த்தேன். அதுதானா என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. பிரஷ் குளியலறையில் இருக்கிறது. நாளைக் காலை எத்தனை அசுவினி மிச்சமிருக்கிறது என்று எண்ணிவிட்டு வந்து எழுதுகிறேன்.