ரத்தத்தில் ஈயம்: கோவைப் பக்கம் எங்கே சோதிக்கலாம்?

குழுவில் இருக்கும் அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். என் தம்பி 11 ஆண்டுகளாகப் பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் வேலை செய்கிறான். ஆறு மாதமாகப் பேச்சில்லை, உறக்கமில்லை. மனச்சோர்வு என்று கொடுத்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறான். “அம்மாயிக்கும் இப்படித்தான், பரம்பரை வாகு” என்று பெரியம்மா கதையை முடித்துவிட்டார். ஆனால், இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வுகளில் மனச்சோர்வுக்குப் பரம்பரையின் பங்கு சுமார் 40 சதவீதம்தானே? ஈயமோ நரம்பைத் தாக்கும். எலும்பில் பல்லாண்டு தங்கும். டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பட்டறையில் ஒருமுறைகூடச் சோதித்ததில்லை!

கோவை, ஈரோடு பக்கம் இந்தச் சோதனை எங்கே செய்கிறார்கள்? தொழில்சார் நோய் பார்க்கும் மருத்துவர் உண்டா? கைமருந்து யோசனை மட்டும் வேண்டாம். அதற்குப் பெரியம்மா இருக்கிறார்.