மூன்றிலிருந்து நேரே ஐந்தாம் கியர் போடலாமா?

வாவிக்கரை:
ஐந்து கியர் மெனுவல் கார், பெற்றோல். காத்தான்குடி நெருக்கடி தாண்டி றோட்டு வெளிச்சால், மூன்றில் 50 வந்ததும் நாலைத் தொடாமல் ஐந்தைப் போட்டால் கியர் பொக்ஸுக்குக் கூடாதா? ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை தரம் சுத்துது என்ற கணக்கு) காட்டும் முள் இல்லை. சந்தியில் நிற்க வரும்போது 5, 4, 3, 2 என்று ஒவ்வொன்றாகத்தான் இறக்க வேணுமா?

நாலாம்_நம்பர்:
தாராளமாகப் போடலாம். எந்தக் கியரைத் தாண்டினீர்கள் என்பதில் ஒன்றுமில்லை, போட்ட பிறகு ஆர்பிஎம் எங்கே வந்து நிற்குது என்பதுதான் கணக்கு. சின்னக் கார்களில் மூன்றின் விகிதம் (கியர் பொக்ஸின் வெளித்தண்டு ஒரு சுத்துச் சுத்த எஞ்சின் சுத்தும் அளவு) 1.3 அளவு, ஐந்து 0.8 அளவு. மூன்றில் 3000 ஓடும்போது மாத்தினால் ஐந்தில் ஏறத்தாழ 1850. போதும். 2000 இல் மாத்தினால் 1230 தான். எக்சிலேட்டரை அமத்த எஞ்சின் குமுறும், கியர் தடி கையில் நடுங்கும். முள் இல்லாதவருக்கு அந்த நடுக்கம்தான் முள். மூன்றில் கொஞ்சம் கூட இழுத்துவிட்டு, நியூட்ரலில் ஒரு கணம் விட்டுப் போடுங்கோ. அவசரப்பட்டால் சிங்ரோவின் (கியர் விழ முதல் பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கும் பகுதி) பித்தளை வளையம்தான் தேயும்.

சந்திக்கு வரும்போது ஐந்திலேயே பிரேக் பிடியுங்கோ. எஞ்சின் திணற முதல் கிளச்சை மிதித்து, 30க்குக் கீழே வந்ததும் இரண்டு. பிரேக் கட்டை மலிவு, கிளச் தட்டு விலை.

கறுப்பு_ஒயில்:
மேலே சொன்னது சரி, ஆனா 30 என்பதை விளையாட்டாக எடுக்காதேங்கோ. ஐந்தில் 60 ஓடும்போது 2200 என்றால், அதே வேகத்தில் இரண்டைப் போட்டுக் கிளச்சை விட்டால் 5000க்கு மேலே. ஒன்றாம் கியர் விழுந்தால் 9000 தாண்டும். எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சுத்தாமல் தடுக்கும் லிமிட்டர் பெற்றோலைத்தான் நிறுத்தும். சில்லு எஞ்சினைச் சுத்துவதை அது என்ன செய்ய? வால்வு போய் பிஸ்டனில் முட்டக்கூடும்.

கூடுதலாக நடப்பது கைப்பிழை. ஐந்திலிருந்து நாலுக்கு இழுக்கும்போது தடியை இடப்பக்கம் தள்ளினால் இரண்டில் போய் விழும். நியூட்ரலுக்கு எடுத்துக் கையைத் தளர்த்துங்கோ, ஸ்பிரிங் தானாக 3-4 நேருக்குக் கொண்டுவரும். பிறகு நேரே கீழே.

இரண்டு போடும்போது கரகரத்தால் கியர் ஒயிலையும் பாருங்கோ. கையேட்டில் ஒயிலின் தரம் ஜீஎல்-4 என்றிருந்தால் ஜீஎல்-5 ஊத்தவேண்டாம், அதிலுள்ள கந்தகச் சேர்க்கை பித்தளையை அரிக்கக்கூடும்.

வாவிக்கரை:
நன்றி அண்ணன். செங்கலடியால பதுளைக்கு ஏறும்போதும் இதேதானா?

நாலாம்_நம்பர்:
மகாஓயா வரைக்கும் சரி. அதுக்குப் பிறகு வாற ஏத்தத்தில் கியர் தாண்டவேண்டாம், கிளச் மிதித்த நேரத்துக்குள்ளேயே வேகம் விழுந்துடும். இறக்கத்தில் வளைவுக்கு முதலே இரண்டோ மூன்றோ போட்டு எஞ்சினிலேயே இறக்குங்கோ. முழுக்கப் பிரேக்கிலேயே வந்தால் பசறைக்குள்ளே பிரேக் சூடேறி மணக்கும்.