ஒரு வீட்டில் மூன்று சமையல்: உணவைத் தள்ளும் பிள்ளைகளுக்குத் தனியாகச் சமைக்கலாமா?

நிலாமுற்றம்:
எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஐந்து வயது மகள் சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, பால் என வெள்ளையாக இருப்பதைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. ஒன்பது வயது மகன் காய்களைச் சாப்பிடுவான். ஆனால் ஒன்றோடொன்று கலந்திருந்தால் தட்டை நகர்த்திவிடுவான். மாமனாருக்குப் பற்கள் இல்லாததால் எல்லாம் குழைய வெந்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளாக இரவுக்கு மூன்று விதமாகச் சமைத்து வருகிறேன். “இனி ஒரே சமையல் போதும், வேண்டாம் என்பவர்கள் பசியோடு படுக்கட்டும்” என்று போன வாரம் கணவர் சொன்னார். பிள்ளையைப் பசியோடு படுக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை; மூன்று சமையலைத் தொடர உடம்பிலும் தெம்பில்லை. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய அடுப்பு:
உங்கள் கணவர் சொன்ன விதம் கடுமையாக இருக்கலாம், ஆனால் சொன்ன செய்தி சரியானது, அம்மா. நான் நான்கு பிள்ளைகளை வளர்த்தவள். யாருக்கும் தனியாகச் சமைத்ததில்லை. நாம் தனியாகச் சமைத்துக் கொடுக்கும் ஒவ்வொரு நாளும், பெரியவர்கள் உண்பது தனக்கானதல்ல என்பதையே அந்தக் குழந்தை கற்றுக்கொள்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: மாலையில் ஒரு குவளைப் பாலும் நான்கு பிஸ்கட்டும் உள்ளே போன பிள்ளை இரவு ஏழரை மணிக்குத் தட்டைத் தள்ளினால், அதைப் பிடிவாதம் என்பதா, வயிறு நிறைந்திருக்கிறது என்பதா? கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவர், தாய்ப்பால் மறந்த குழந்தைகளின் முன் பலவகை உணவுகளை வைத்து, தாங்களாகவே தேர்ந்து உண்ணவிட்டார்; யாரும் வற்புறுத்தாமலே அவர்கள் நன்றாக வளர்ந்ததாக 1928இல் எழுதினார். குழந்தையின் பசியை நம்பலாம் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

தென்றல்வழி:
பழைய அடுப்பு அம்மாவின் மாலைப் பால் பற்றிய கருத்தை முழுமையாக ஏற்கிறேன். பால் மிகுதியானால் மற்ற உணவுக்கு இடமில்லாமல் போவதோடு, சிறு குழந்தைகளுக்கு இரும்புச்சத்தும் குறையும். ஆனால் டேவிஸின் ஆய்வு அவருடைய வாதத்துக்குத் துணை நிற்கவில்லை. அந்தக் குழந்தைகளுக்கு முன்னால் ஒரே ஒரு பண்டத்தை வைத்துவிட்டு “இதைச் சாப்பிடு, இல்லையென்றால் பட்டினி” என்று யாரும் சொல்லவில்லை. பழம், காய், முட்டை, இறைச்சி, தானியம், பால் என்று பல இருந்தன. இனிப்பும் பதப்படுத்திய பண்டங்களும் இல்லை. செவிலியர் ஊக்கவும் கூடாது, தடுக்கவும் கூடாது. தேர்வு செய்யும் வாய்ப்பே அந்த ஆய்வின் உயிர்.

தாய்மார்களிடம் யாரும் சொல்லாத ஒன்று உண்டு. பிறந்த எடை முதல் ஆண்டில் ஏறத்தாழ மூன்று மடங்காகும். அதன் பிறகு ஆண்டுக்கு இரண்டு கிலோ அளவில்தான் ஏறும். வளர்ச்சி மெதுவாவதால் பசியும் குறைகிறது. அதே காலத்தில், சுமார் இரண்டு முதல் ஆறு வயது வரை, பழகாத உணவின் மீதான அச்சமும் உச்சத்தில் இருக்கிறது. இந்த அச்சத்தில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு என்று இரட்டையரிடம் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே நிலாமுற்றம் சகோதரி தன் வளர்ப்பில் பிழை தேட வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2006இல் வெளியான ஓர் ஆய்வில், மழலையர் பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு இரண்டு சூப்புகள் கொடுத்து, ஒன்றை மட்டும் “முடித்துவிடு” என்று வற்புறுத்தினார்கள். வற்புறுத்தாதபோதுதான் அவர்கள் அதிகம் குடித்தார்கள், குறை சொல்வதும் குறைவாக இருந்தது. பசியோடு படுக்கவைப்பதும் வற்புறுத்தலின் இன்னொரு வடிவமே.

அமைதிநதி:
ஏழு வயது மகனின் தகப்பனாக எழுதுகிறேன். “பசித்தால் தானே சாப்பிடுவான்” என்ற அறிவுரையை நம்பி, அவனுக்கு நான்கு வயதாக இருந்தபோது தனிச்சமையலை நிறுத்தினோம். மூன்று நாட்கள் அவன் தண்ணீரைத் தவிர எதையும் ஏற்கவில்லை. நான்காம் நாள் காலையில் எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தக் காட்சியை நான் மறக்கப்போவதில்லை. பிறகுதான், உணவைத் தவிர்க்கும் குறைபாடு ஒன்று 2013 முதல் அமெரிக்க உளநல மருத்துவர் சங்கத்தின் உளநோய் வகைப்பாட்டுக் கையேட்டில் தனியாகவே இடம்பெற்றிருக்கிறது என்று தெரிந்துகொண்டோம். எடை ஏறாமல் நிற்பது, ஏற்கும் உணவுகளின் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் சுருங்குவது, மென்மையானவை அல்லது மொறுமொறுப்பானவை என்று ஒரு வகையையே முழுதாக ஒதுக்குவது, பார்த்த உடனே குமட்டுவது: இவற்றில் ஒன்று தென்பட்டாலும் மருத்துவரிடம் செல்லுங்கள். என் மகனுக்கு நாங்கள் இன்றும் தனியாகத்தான் சமைக்கிறோம். அதைச் செல்லம் என்று சொல்பவர்கள் எங்கள் வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும்.

பழைய அடுப்பு:
தம்பி, உங்கள் மகனைப் போன்ற பிள்ளைக்கு நான் சொன்னது பொருந்தாது. அதை முதலிலேயே பிரித்துச் சொல்லாதது என் தவறு. ஆனால் உணவைத் தள்ளும் பிள்ளைகள் எல்லோரும் நோயாளிகள் அல்லர். நிலாமுற்றத்தின் மகள் வளர்கிறாள், ஓடியாடுகிறாள் என்றால், வெள்ளை உணவு என்பது நாளுக்கு நாள் நாமே உறுதிப்படுத்திய பழக்கமாகவும் இருக்கலாம். மேலும், இந்த விவாதத்தில் சமைக்கிறவளின் உடம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. மூன்று சமையலை முடித்துவிட்டு எல்லோருக்கும் கடைசியாக, ஆறியதை, நின்றுகொண்டே சாப்பிடுகிறவள் எத்தனை நாள் பொறுமையாக இருப்பாள்? அவளுடைய களைப்பும் பிள்ளையின் தட்டில்தான் வந்து விழுகிறது. அவசரத்துக்குக் காரட்டை அரைத்து மாவில் கலந்துவிடுங்கள். சத்தாவது உள்ளே போகும்.

அமைதிநதி:
அதை மட்டும் செய்யாதீர்கள். நாங்கள் செய்தோம். அவன் நம்பிக்கையோடு உண்ட நான்கைந்து பண்டங்களில் ரொட்டியும் ஒன்று. அதில் அரைத்த காரட் இருப்பதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவன் ரொட்டியைத் தொடவில்லை.

தென்றல்வழி:
அரைத்துச் சேர்த்தால் காய் உள்ளே போகும் அளவு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் தெரியாமல் உண்டதைப் பிள்ளை விரும்பக் கற்றுக்கொள்வதில்லை. சேர்ப்பதாக இருந்தால், கண்ணெதிரே, சொல்லிவிட்டுச் சேர்ப்பதே நல்லது.

சமைக்கிறவளைப் பற்றி அம்மா சொன்னதே இந்த விவாதத்தின் மையம் என்று நினைக்கிறேன். அதனால்தான் ஒரே சமையலை, ஆனால் பிரிக்கக்கூடிய சமையலைப் பரிந்துரைக்கிறேன். காய்களைத் தனித்தனியாக வேகவைத்துக் கலக்காமல் கிண்ணங்களில் வையுங்கள். காரம் சேர்ப்பதற்கு முன் கொஞ்சம் எடுத்து வையுங்கள். அதே காயில் ஒரு பங்கைப் பத்து நிமிடம் கூடுதலாக வேகவிட்டால் மாமனாருக்கு ஆயிற்று. மேசையில் மகள் கட்டாயம் உண்ணக்கூடிய ஒரு பொருளாவது இருக்கட்டும். உணவியல் வல்லுநர் எலின் சாட்டர் 1980களில் முன்வைத்த பங்கீடு இதுதான்: எதை, எப்போது, எங்கே பரிமாறுவது என்பது பெற்றோரின் பொறுப்பு, உண்பதா, எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் பொறுப்பு.

புதிய காயை ஒரு பட்டாணி அளவுக்கு வைத்தால் போதும். எட்டு முதல் பதினைந்து முறை வரை சுவைத்துப் பார்த்த பிறகே பல குழந்தைகள் ஏற்கிறார்கள், ஆனால் பெரும்பாலான வீடுகளில் மூன்று நான்கு முறையோடு கைவிட்டுவிடுகிறோம். “இதைச் சாப்பிட்டால் இனிப்பு” என்றும் பேரம் பேசாதீர்கள். குழந்தைகளின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் லியான் பர்ச் குழுவினரின் 1984ஆம் ஆண்டு ஆய்வில், பரிசுக்காக ஒரு பால் பானத்தைக் குடித்த குழந்தைகளுக்குப் பிறகு அந்தப் பானத்தின் மீதான விருப்பமே குறைந்துபோனது.

பழைய அடுப்பு:
கிண்ணங்களில் பிரித்து வைப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேசையில் எப்போதும் ரொட்டி இருக்கும் என்று தெரிந்துவிட்டால், ஐந்து வயதுப் பிள்ளை ஏன் பட்டாணியைத் தொடப்போகிறது? பிள்ளை உறுதியாக உண்ணும் அந்தப் பொருளையாவது நாளுக்கு நாள் மாற்ற வேண்டும்.

நிலாமுற்றம் (இருபது நாட்களுக்குப் பிறகு):
மாலைப் பாலை இரவு உணவுக்கு இரண்டரை மணி நேரம் முன்பாக நகர்த்தினேன். பழைய அடுப்பு அம்மா சொன்னபடி, மகள் உறுதியாக உண்ணும் பொருளை மாற்றுகிறேன்: ஒரு நாள் சோறு, ஒரு நாள் உருளைக்கிழங்கு. இப்போது அடுப்பில் ஒரே சமையல்தான், கிண்ணங்கள் ஆறு. மகன் தானே எடுத்துப் போட்டுக்கொள்வதால் அவனிடம் சண்டை நின்றுவிட்டது. மாமனாருக்கும் குறையில்லை. மருத்துவர் மகளின் எடையையும் உயரத்தையும் பார்த்துவிட்டு, வளர்ச்சி சீராக இருக்கிறது என்றார். அவள் இன்னும் காரட்டைச் சாப்பிடவில்லை. முதல் வாரம் அது தட்டில் இருந்தாலே அழுதாள். நேற்று ஒரு துண்டைக் கையில் எடுத்து நக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கண்ணால் தடுத்துவிட்டேன். அவர் பேசாமல் கிண்ணத்தை மாமனார் பக்கம் நகர்த்தினார். நேற்றிரவு நானும் எல்லோரோடும் உட்கார்ந்து, சூடாகச் சாப்பிட்டேன்.