அலமாரி நிறைய ஏற்பாடு, டார்ச் மட்டும் எரியவில்லை

ஆபத்துக்கென்று வீட்டில் எவ்வளவு ஏற்பாடு இருந்தால் போதும்? இந்தப் பேச்சை நானே தொடங்கிவைக்கிறேன். கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய கதைதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு புயலில் எங்கள் வீட்டில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. பெரிய கஷ்டம் ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் இரண்டாம் நாள் இரவு குழந்தைக்குக் காய்ச்சல். போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. மருந்து பாட்டிலில் பொடி எழுத்தில் இருந்த அளவை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படிக்க முடியாமல் தடுமாறினேன். அது மனத்தில் ஒட்டிக்கொண்டது. இனி இப்படி ஒரு நிலை வரவே கூடாது என்று முடிவெடுத்தேன். முடிவு சரி. அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து.

முதலில், அவசரத்தில் தூக்கிக்கொண்டு கிளம்ப ஒரு பை வாங்கினேன். அப்புறம் பைக்குள் வைக்கப் பொருட்கள். தினமும் படுக்கும்முன் வீடியோ பார்ப்பேன். ஒவ்வொரு வீடியோவும் என்னிடம் இல்லாத ஏதோ ஒன்றைக் காட்டும். ஒரே வருடத்தில் பின்னறை அலமாரி நிரம்பிவிட்டது. கட்டிலுக்கு அடியில் டின்கள் உருண்டன. "உலகம் அழியப்போவது உறுதியென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், இந்த மாதத் தவணையைக் கட்டாமல் விட்டுவிடலாம்" என்றாள் மனைவி.

உண்மையிலேயே அந்த நாள் வந்தது. பிரளயம் எல்லாம் இல்லை. நிலத்தடியில் ஒரு கேபிள் எரிந்து, எங்கள் தெருவுக்கு மட்டும் முப்பது மணி நேரம் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாததால் தண்ணீரும் இல்லை. எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. கம்பீரமாகப் போய்ப் பெரிய டார்ச்சை எடுத்தேன். எரியவில்லை. பேட்டரி ஒழுகி உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. (அல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது காரம். தோலை அரிக்கும். தெரியாமல் நகத்தால் சுரண்டினேன்.) பவர் பேங்குக்கு இரண்டு வருடமாகச் சார்ஜ் போடவில்லை. டின்களில் பாதிக்குத் தேதி முடிந்திருந்தது. மீதியைத் திறக்க வீட்டில் டின் ஓப்பனர் இல்லை. சிரிக்காதீர்கள்.

அன்றைக்குத்தான் அந்தப் பையை முதல்முறையாகத் தோளில் மாட்டிப் பார்த்தேன். வாசல்வரைக்கும் போக முடியவில்லை. காரணம் தண்ணீர். குடிக்க, சமைக்க, கொஞ்சம் சுத்தத்துக்கு என்று ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 லிட்டர் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நாங்கள் நாலு பேர். மூன்று நாளைக்கு 48 லிட்டர், அதாவது 48 கிலோ. அதில் ஒரு பங்கை முதுகில் சுமக்கலாம் என்று நம்பியவன் நான்.

எதிர் வீட்டு அக்காவிடம்தான் டார்ச் வாங்கி வந்தேன். அவரிடம் இருந்தது சமையலறையில் ஒரே ஒரு இழுப்பறை. இரண்டு டார்ச், பேட்டரிகள் தனியே ஒரு கவரில், தீப்பெட்டி, கத்தரிக்கோல், கொஞ்சம் சில்லறைப் பணம், மருந்துச்சீட்டு. "கரண்ட் போனால் எங்கள் வீட்டில் யாரும் எதையும் தேட மாட்டோம், அவ்வளவுதான்" என்றார்.

உங்களில் யாராவது அளவுக்கு மீறிப் போய் மாட்டியிருந்தாலும், ஒன்றுமே இல்லாமல் மாட்டியிருந்தாலும் எழுதுங்கள். எது போதும் என்று எப்படி முடிவுசெய்தீர்கள்?

பதில் 1

நான் உங்களுக்கு நேர் எதிர். வருவது வரட்டும் என்று இருந்தவள்.

இரவு பதினொரு மணிக்கு வாசலில் தண்ணீர் வந்துவிட்டது, வெளியேறுங்கள் என்று அறிவித்துக்கொண்டு போனார்கள். அப்போது கணுக்காலுக்கும் கீழேதான். வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று உள்ளே போனேன். அது பீரோவில் இல்லை, சூட்கேஸில் இல்லை, மெத்தைக்கு அடியிலும் இல்லை. நாற்பது நிமிடம் தேடினேன். வெளியே வந்தபோது முழங்கால் அளவு, அதுவும் இழுத்துக்கொண்டு ஓடுகிற தண்ணீர். 15 சென்டிமீட்டர் ஓடும் நீரே ஒரு பெரியவரின் காலை வாரிவிடும், 30 சென்டிமீட்டர் ஒரு சிறிய காரையே நகர்த்திவிடும் என்று அப்புறம்தான் படித்தேன். நாங்கள் காரில் கிளம்பாதது புத்திசாலித்தனம் இல்லை. சாவியும் கிடைக்கவில்லை!

மாடி வீட்டுக்காரர் கயிறு போட்டு மேலே ஏற்றிக்கொண்டார்.

இப்போது ஒரே ஒரு கோப்பு. எல்லாக் காகிதங்களின் நகலும் அதில் இருக்கிறது. படங்கள் என் போனிலும் வேறு ஊரில் இருக்கும் தங்கை போனிலும் இருக்கின்றன. சாவிக்கு ஆணி. நான் செய்த மொத்த ஏற்பாடும் இவ்வளவுதான். இதற்கு மேல் செய்ய எனக்குப் பொறுமை இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பதில் 2

எங்கள் வீட்டில் 'போதும்' என்பதை அப்பாவின் இன்சுலின்தான் முடிவுசெய்தது.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். மின்சாரம் போய் ஆறு மணி நேரம் ஆனதும் பயந்துபோய், ஐஸ் கட்டிகள் போட்ட பெட்டிக்குள் அப்படியே சொருகிவிட்டேன். மறுநாள் பார்த்தால் உறைந்துபோயிருந்தது. ஒருமுறை உறைந்த இன்சுலினை உருகினாலும் போட்டுக்கொள்ளக் கூடாது. ஒரு மாத மருந்து போயிற்று. உண்மையில் அன்று அவ்வளவு அவசரமே இல்லை: பயன்பாட்டில் இருந்த இன்சுலின் பேனா (பேனா வடிவ ஊசி), பெரும்பாலான வகைகளைப் போலவே, 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் நாலு வாரம் வெளியிலேயே தாங்கும். டாக்டர் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது.

ஃபிரிட்ஜைப் பற்றியும் ஒன்று. கதவைத் திறக்காமல் விட்டால் குளிர் 4 மணி நேரம் நிற்கும். நிறைந்த ஃப்ரீசர் என்றால் 48 மணி நேரம், பாதி நிறைந்திருந்தால் 24. நாங்கள் 'இன்னும் குளிர் இருக்கிறதா' என்று பார்க்கவே பத்து தடவை திறந்தோம்.

டின், கூடாரம் எதுவும் எங்களிடம் கிடையாது. ஆனால் எல்லா மருந்தும் எப்போதும் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கும். புதிதாக வாங்கியது பின்னால் போகும், பழையது முன்னால் வரும். மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய சீட்டு அப்பாவின் பர்ஸில் இருக்கிறது.

பதில் 3

ஜெனரேட்டர் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு மட்டும்.

வாங்கினோம். மழை பெய்துகொண்டிருந்ததால் நனையக்கூடாதே என்று பின்பக்கத் தாழ்வாரத்தில், ஜன்னலை ஒட்டி வைத்தோம். இரண்டு மணி நேரத்தில் எல்லோருக்கும் தலைவலி. ஃபேன் ஓடுகிறது, லைட் எரிகிறது, ஆனால் எல்லோரும் சோர்ந்து படுத்திருக்கிறோம். சித்திக்கு மட்டும் சந்தேகம் வந்து எங்களை வெளியே விரட்டினார். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வைக்க வேண்டுமாம். எங்களுக்கு அப்படி ஒரு இடமே இல்லை. விற்றுவிட்டோம். கரிஅடுப்பை வீட்டுக்குள் பற்றவைப்பதும் இதே கதைதான்.

புயல் எங்களை ஒன்றும் செய்யவில்லை. புயலுக்காக வாங்கியது கொன்றிருக்கும்.

பதில் 4

கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இழுப்பறை போதும் என்று எல்லோரும் தலையாட்டுவதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

நான் இருப்பது மலைப்பாதை முடிகிற இடத்தில். மண் சரிந்தால் எங்களுக்கு வேறு வழி கிடையாது. ஒருமுறை பதினொரு நாள் அடைந்து கிடந்தோம். 'மூன்று நாளைக்கு வைத்திருங்கள்' என்ற அறிவுரைக்குள்ளே மூன்றாம் நாள் யாராவது வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. எங்களுக்கு அது பொருந்தாது. இரண்டு வாரத்துக்கு வைத்திருக்கிறேன், யாரும் சிரிப்பதில்லை.

தொடங்கியவர் குழம்பியது எங்கே என்றால், வீட்டிலேயே இருப்பதற்கான சேமிப்பையும் ஓடுவதற்கான பையையும் ஒன்றாக்கிவிட்டார். தண்ணீர் கேன் வீட்டுக்கு. பையில் ஆளுக்கு ஓரிரண்டு பாட்டில் போதும். கெடாமல் இருக்க ஜப்பானியர் செய்வதுதான் வழி: தினமும் சாப்பிடுகிற பொருளையே கொஞ்சம் கூடுதலாக வாங்கி, பழையதைத் தின்றுகொண்டே புதியதை நிரப்புவது. தனி அலமாரி வேண்டாம், தேதி முடிகிற பேச்சும் இல்லை. தண்ணீர் தீர்ந்தால் கலங்காத ஊற்றுநீரை வடிகட்டிக் கொதிக்கவைப்போம். கொதி வந்தபின் 1 நிமிடம் போதும், 2000 மீட்டருக்கு மேலே இருப்பவர்களுக்கு 3 நிமிடம்.

ஆபத்து வரும்போது வாங்க ஓடுவதுதான் தவறு. 2020இல் கழிப்பறைக் காகிதத்துக்கு உலகமே அடித்துக்கொண்டதை மறந்துவிட்டோமா? சாதாரண நாளில் மெதுவாகச் சேர்த்தால் அடுத்தவன் பங்கில் கைவைக்க வேண்டியதில்லை.

பதில் 5

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

எங்களுடையது ஆறு மாடிக் கட்டடம். ஒரு மாலை நில அதிர்வு. பெரிதில்லை, சுவரில் மயிரிழை விரிசல் மட்டும். நான் தயாராக இருந்தவன். கட்டிலருகில் காலணி, கதவருகில் பை. ஆட்டம் நின்றதும் மூன்று நிமிடத்தில் மனைவி பிள்ளைகளோடு கீழே நின்றேன். உண்மையைச் சொன்னால், பை இல்லாமல் நின்றவர்களைப் பார்த்து மனத்துக்குள் பெருமை.

இருபது நிமிடம் கழித்து யாரோ கேட்டார்கள், "மூன்றாம் மாடிப் பெரியவர் எங்கே?"

பக்கவாதம் வந்து படுக்கையில் இருப்பவர். பார்த்துக்கொள்ளும் பெண் அன்று சீக்கிரம் போய்விட்டார். அவர் கதவைத் தாண்டித்தான் நாங்கள் எல்லோரும் இறங்கியிருந்தோம். என் பையில் விசில், போர்வை, முதலுதவிப் பெட்டி எல்லாம் இருந்தன. நாலு பேர் மேலே போய் நாற்காலியில் வைத்து இறக்கினோம். அவர் என்னைப் பார்த்து, "உங்கள் காலடிச் சத்தம் கேட்டது தம்பி" என்றார். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

1995 ஜனவரி 17 அதிகாலை ஜப்பானின் கோபே நகரில் நடந்த நிலநடுக்கத்தில், இடிபாட்டிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலானோரை வெளியே எடுத்தது வீட்டாரும் அக்கம்பக்கத்தினரும்தான். மீட்புப் படையால் எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் போக முடியாது. அதற்குப் பிறகுதான் எங்கள் கட்டடத்தில் ஒரு காகிதம் எழுதினோம்: தனியாக நடக்க முடியாதவர் யார், எந்தக் கதவை யார் தட்டுவது, யார் வீட்டில் மாற்றுச் சாவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யாமல் இரண்டு வருடம் நான் கத்தி, கயிறு வாங்கிக்கொண்டிருந்தேன்.

தொடங்கியவர்

எல்லோருக்கும் நன்றி. மலையில் இருப்பவர் சொன்னது சுட்டது, ஆனால் சரி.

பதில் 5ஐப் படித்த அன்றே எதிர் வீட்டு அக்காவிடம் போய், அவர் வீட்டு மாற்றுச் சாவியை எங்களிடமும் எங்களுடையதை அவரிடமும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "இத்தனை வருஷமாக நீங்களே கேட்கட்டும் என்றுதான் இருந்தேன்" என்றார்.

போன சனிக்கிழமை மாலை மெயினை அணைத்துவிட்டு மறுநாள் காலைவரை இருந்து பார்த்தோம். பத்து நிமிடத்தில் தெரிந்தது, எங்கள் அடுப்பின் பற்றவைப்பானும் கரண்டில்தான் ஓடுகிறது. தீப்பெட்டி இல்லை. வீடியோக்களில் இதை யாரும் சொல்லவில்லை. எங்கள் அடுப்பு அவர்களிடம் இல்லையே. பிள்ளைகளுக்கு அது திருவிழா.

அலமாரியில் பாதியைக் காலிசெய்துவிட்டேன். தண்ணீர் கேன்கள் இருக்கின்றன, பையை இப்போது மகளே தூக்குகிறாள். மாதம் ஒன்றாம் தேதி டார்ச்சைப் போட்டுப் பார்த்து, பவர் பேங்கில் எவ்வளவு சார்ஜ் நிற்கிறது என்றும் பார்க்கிறேன். மருந்து டப்பாவின் மூடியில் உட்பக்கமாக, காய்ச்சல் மருந்தின் அளவைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியாயிற்று. அவள் எடை கூடினால் மாற்றி எழுத வேண்டும், அவ்வளவுதான்.

டின் ஓப்பனர் மட்டும் மூன்று இருக்கிறது. மனைவிக்கு ஒன்றுதான் தெரியும்.