அம்மாவின் கல்லறைக்குக் கல் தேர்ந்தெடுத்த அனுபவம்

எங்கள் அம்மா மறைந்தபின், அவருடைய கல்லறையில் நினைவுக்கல் வைப்பதற்கு ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்தோம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று உறவினர் பலர் வற்புறுத்தினார்கள். ஆனால் திண்டுக்கல் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் நெடுங்காலமாகக் குழி வெட்டி வரும் பெரியவர், "ஒரு மழைக்காலம் போகட்டும்மா, மண் இறங்கி நிக்கட்டும்" என்றார். அவர் சொன்னதற்குச் சான்று எங்கள் கல்லறைத் தோட்டத்திலேயே இருந்தது. அவசரமாகக் கட்டிய கல்லறைகள் சிலவற்றில் தலைமாட்டுச் சிலுவை ஒரு பக்கமாகச் சாய்ந்து, மேடைப் பூச்சு குறுக்கே வெடித்திருந்தது. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து, தை பிறந்த பிறகே காங்கிரீட் தளம் போட்டோம்.

அப்பாவுக்கு வெள்ளைப் பளிங்கின்மேல் விருப்பம். பளிங்கு அழகானதுதான், எனினும் அது சுண்ணாம்புப் பாறையிலிருந்து உருவான கல் என்பதால், மழைநீரில் இயல்பாக இருக்கும் சிறிதளவு அமிலமே காலப்போக்கில் அதன் மேற்பரப்பை அரித்துவிடுகிறது. அதே தோட்டத்தில் தாத்தாவின் பளிங்குக் கல்லில் இப்போது விரலால் தடவித்தான் பெயரை அறிய முடிகிறது. அதை அப்பாவே தொட்டுப் பார்த்துவிட்டு, கிரானைட்டுக்குச் சம்மதித்தார்.

கல்லை வாட்ஸ்அப் படத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்பதே நான் இங்கு முக்கியமாகச் சொல்ல விரும்புவது. நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு படிகளாகச் சொல்கிறது. அவற்றுள் முதலாவது ‘காட்சி’, அதாவது தகுந்த கல்லைக் கண்டு தேர்வது. பட்டறைக்கு நேரில் போனபோதுதான், கறுப்பு என்று விற்கப்படும் எல்லாமே ஒரே கறுப்பு அல்ல என்பது எங்களுக்குப் புரிந்தது. விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கறுப்பு நுண்ணிய மணிகளுடன் அடர்ந்த நிறத்தில் இருந்தது. சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றி விற்பவர்களும் உண்டு. நகச்சாயம் நீக்கும் திரவத்தை வெள்ளைத் துணியில் நனைத்துக் கல்லின்மேல் அழுத்தித் தேய்த்தால், சாயம் பெரும்பாலும் துணியில் ஒட்டிக்கொள்ளும். சமையலறை மேடைக்குப் போடும் 18, 20 மில்லிமீட்டர் பலகையைத் தலைக்கல்லாக நிறுத்தவும் வேண்டாம். நாங்கள் எடுத்தது 3 அடி உயரம், 2 அடி அகலம், 3 அங்குலக் கனம். அந்தக் கல் 120 கிலோவுக்குக் குறையாது என்பதால், அடித்தளமும் அதற்கேற்ற உறுதியோடு இருக்க வேண்டும்.

எழுத்துப் பொறிப்புக்குத்தான் மிகுந்த கவனம் தேவைப்பட்டது. கல்லின்மேல் ரப்பர் தாளை ஒட்டி, கணினியில் வெட்டிய எழுத்துகளை ஊசியால் ஒவ்வொன்றாக உரித்தெடுத்து, திறந்த இடத்தில் மணலை வேகமாகப் பீய்ச்சுகிறார்கள். மெய்யெழுத்தின் புள்ளி அந்தத் தாளில் மிளகைவிடச் சிறியதாக இருந்தது. உரித்துக்கொண்டிருந்த இளைஞர் நிமிர்ந்து, "அக்கா, புள்ளி இவ்வளவு சின்னதா இருந்தா மணல் ஆழமா இறங்காது, ரெண்டு வருசத்துல அழுக்கு அடைச்சிடும். எழுத்தைப் பெரிசாக்கினா வசனத்துக்கு இடம் பத்தாது, எதை விடலாம்னு சொல்லுங்க" என்றார். அம்மாவின் பெயரில் மூன்று புள்ளிகள் இருந்தன. அவற்றில் ஒன்று மறைந்தாலும் அது அவருடைய பெயராக இருக்காது. பொறிக்க நினைத்திருந்த விவிலிய வசனத்தை விட்டுவிட்டு, ‘திருப்பாடல் 23’ என்று மட்டும் கடைசி வரியில் போடச் சொன்னோம். தோற்றம், மறைவு நாள்களைத் திருமுழுக்குச் சான்றோடும் இறப்புச் சான்றோடும் ஒப்பிட்டு, அச்சுத் தாளில் அப்பாவும் நானும் கையொப்பமிட்ட பிறகே மணல் பீய்ச்சினார்கள்.

இதைப் படித்த மற்றொருவரின் பகிர்வு

அக்கா, நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கிலாந்தில் வாழ்பவர்கள். அப்பாவை ஆங்கிலிக்கன் ஆலய வளவில் அடக்கம் செய்தோம். எங்கள் மறைமாவட்ட விதிப்படி அடக்கம் முடிந்து 6 மாதங்களுக்குப் பிறகே கல் வைக்க விண்ணப்பிக்கலாம். பளபளப்பாக மெருகேற்றிய கறுப்புக் கிரானைட்டுக்குச் சாதாரண அனுமதி கிடையாது. திருச்சபை நீதிமன்றத்தில் தனியாகக் கேட்க வேண்டும் என்றார்கள். எனவே வேல்ஸ் ஸ்லேட் கல்லைத் தெரிவு செய்தோம். நுண்மணிக் கல்லாதலால் உளியால் வெட்டும் எழுத்து அதில் கூர்மையாக விழுகிறது.

பெயரைத் தமிழிலும் எழுத விரும்பினோம். 2021-இல் கொவென்ட்ரி பகுதியில் ஒரு குடும்பம், ஐரிஷ் மொழி வரியை மொழிபெயர்ப்பு இல்லாமலே பொறிக்க மேல்முறையீட்டில் அனுமதி பெற்றது என்பதை அறிந்திருந்ததால், தயங்காமல் கேட்டோம், அனுமதியும் கிடைத்தது. கல் வெட்டியவருக்குத் தமிழ் தெரியாது. அம்மா பெரிய தாளில் தம் கையால் எழுதிக் கொடுக்க, அவர் அதை ஒற்றியெடுத்து, சுழி எங்கே தொடங்குகிறது, கோடு எங்கே முடிகிறது என்று ஒவ்வோர் எழுத்துக்கும் அம்மாவிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். எழுத்துக்குத் தங்கப்பூச்சு வேண்டாம் என்றும், கழுவுவதற்கு வெறும் நீரும் மென்மையான தூரிகையுமே போதும் என்றும் அவரே சொன்னார்.