தன்னார்வக் குழுவில் பாலியல் புகார்: குற்றம் சாட்டப்பட்டவரிடம் புகாரின் விவரத்தைச் சொல்ல வேண்டுமா?

ஏரிக்கரைவாசி (கேள்வி):

சேலத்து ஏரிகளில் கரை பலப்படுத்துவது, ஏற்காட்டு மலைப்பாதையில் நெகிழிக் குப்பை அகற்றுவது முதலிய வேலைகளைச் செய்யும் சிறிய குழு ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். சம்பளத்திற்கு இருப்பவர்கள் மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியோடு வந்து நிற்பவர்கள் அறுபது பேர் வரை இருப்பார்கள்.

சென்ற ஆண்டு ஏற்காட்டில் நடந்த இரண்டு நாள் முகாமில், இளைஞர் ஒருவர்மீது பெண் தோழர் ஒருவர் ஒருங்கிணைப்பாளரிடம் வாய்மொழியாகப் புகார் சொன்னார். அன்றிரவே வாட்ஸ்அப் குழுவில், ஒழுங்கீனம் காரணமாக இன்னார் நீக்கப்படுகிறார் என்று நான்கு வரி வந்தது. என்ன ஒழுங்கீனம் என்று அந்த இளைஞரிடமே யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஒண்டிக்கடை அருகே பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில், புகார் சொன்னவர் யார் என்பதை எல்லோரும் விரல்விட்டு எண்ணியே கண்டுபிடித்துவிட்டார்கள், ஏனென்றால் முகாமுக்கு வந்திருந்த பெண்களே ஐந்து பேர்தான். இப்போது அவரும் வருவதில்லை.

இதன் பிறகு விதிமுறை ஒன்று எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பெண் சொன்னால் அதுவே போதும், விசாரணை என்பது அவரை மறுபடியும் நோகடிப்பது என்கிறார்கள் சிலர். காவல் நிலையம் இருக்கும்போது நமக்கு எதற்கு இந்த வேலை என்கிறார்கள் வேறு சிலர். வரைவில் இப்போதைக்கு, "புகாருக்கு உள்ளானவரிடம் புகாரின் விவரம் தெரிவிக்கப்படாது" என்று ஒரு வரி இருக்கிறது. இது சரிதானா? பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் எங்களைப் போன்ற குழுக்களுக்கும் பொருந்துமா?

அஸ்தம்பட்டி வழக்கறிஞர்:

பொருந்தும் என்றே வைத்துக்கொண்டு எழுதுங்கள், தோழர். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, அறக்கட்டளைகளையும் சங்கங்களையும் பணியிடம் என்றே கருதுகிறது. பணியாளர் என்பதற்கு அது தரும் விளக்கத்தில் ஊதியமின்றித் தன்னார்வமாக வேலை செய்பவரும் அடங்குவார். பத்துப் பேரோ அதற்கு மேலோ என்றால் உள்ளகப் புகார் குழு வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தாலோ, புகார் நிறுவனத் தலைவர் மீதே வந்தாலோ, மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்ப் புகார் குழுவிடம் போகலாம். அரசியல் கட்சிகளில் முதலாளி, தொழிலாளி என்ற உறவு இல்லை என்பதால் அவற்றுக்கு இக்கட்டாயம் இல்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் கூறியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைக் காட்டித் தப்பிக்கலாம் என்று உங்கள் குழுவில் யாரும் நினைக்க வேண்டாம். சம்பளப் பட்டியல் உள்ள குழுவுக்கு அந்த வழி எளிதில் திறக்காது.

உங்கள் வரைவில் உள்ள அந்த ஒரு வரி நிற்காது. அதே ஆண்டின் விதிகளின்படி, புகாரின் நகல் 7 வேலை நாட்களுக்குள் எதிர்த் தரப்புக்குப் போய்ச் சேர வேண்டும். பதில் தர அவருக்கு 10 வேலை நாட்கள் உண்டு. இரு தரப்பும் வழக்கறிஞரை அழைத்து வரக் கூடாது. விசாரணையில் தலைவர் உட்பட மூன்று பேராவது அமர்ந்திருக்க வேண்டும். 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோவா பல்கலைக்கழக வழக்கு இருக்கிறது. மாணவிகள் 2009-இல் கொடுத்த புகாரை விசாரித்த குழு அவசர அவசரமாக அமர்வுகளை முடித்து, தற்காப்புக்கு உரிய வாய்ப்பைத் தராததால், பேராசிரியரின் பணிநீக்கத்தை உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் ரத்து செய்து, விசாரணையை மீண்டும் குழுவிடமே அனுப்பியது. அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனால் அந்த மாணவிகளின் பதினான்கு ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

மலைச்சரிவு:

நான் புகார் கொடுத்த பக்கத்திலிருந்து பேசுகிறேன், அண்ணா. வேறொரு அமைப்பில், சில ஆண்டுகளுக்கு முன்.

முதல் கூட்டத்தில் என்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எதற்காக அவருடைய வண்டியில் ஏறினாய் என்பதுதான் எனக்கு வந்த முதல் கேள்வி. எதையும் யாரும் எழுதவில்லை. பின்னர் வெளி உறுப்பினராக ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். நான் சொன்னதை நான் சொன்ன சொற்களிலேயே எழுதி, எனக்கு வாசித்துக் காட்டி, இரண்டு இடங்களில் திருத்தச் சொன்னதைத் திருத்தி, அதன் பிறகே கையெழுத்து வாங்கினார். இருவரையும் ஒரே அறையில் அவர் உட்கார வைக்கவே இல்லை. புகாருக்கு உள்ளானவர் என்னிடம் கேட்க விரும்பிய கேள்விகளை எழுதி வாங்கி, தேவையற்றவற்றை அடித்துவிட்டு, மற்றவற்றை அந்த ஆசிரியையே கேட்டார்.

என் புகாரின் நகல் அவருக்குத் தரப்படும் என்றபோது எனக்கு அடிவயிறு கலங்கியது, உண்மை. ஆனால் சம்பவம் நடந்த நாளில் தான் அந்த ஊரிலேயே இல்லை என்று அவர் எழுத்தில் பதில் தந்தார். வருகைப் பதிவேட்டில் அதே தேதியில், என் பெயருக்கு மூன்று வரி கீழே, அவருடைய கையெழுத்து இருந்தது. அவரிடம் விவரம் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பொய் வெளியே வந்திருக்காது.

கண்ணங்குறிச்சியார்:

சட்டம் சரி. அறுபது பேரும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான் போலப் பழகும் குழுவில் விசாரிக்க யார் உட்காருவது? பிரிட்டனின் சோஷலிஸ்ட் தொழிலாளர் கட்சியில் முன்னணித் தலைவர்மீது வந்த பாலியல் வன்முறைப் புகாரை, அவரை நன்கு அறிந்தவர்களே அமர்ந்திருந்த கட்சிக் குழு விசாரித்துத் தள்ளியது; அதனால் 2013-இல் நூற்றுக்கணக்கானோர் கட்சியை விட்டே போனார்கள். நம்மூர்ச் சொல்லில் அதற்குப் பெயர் கட்டப்பஞ்சாயத்து.

கேள்வியில் இன்னொன்று என் கண்ணை உறுத்துகிறது. நீக்கப்பட்டவர் இளைஞர். நிதி திரட்டித் தரும் பெரியவர் ஒருவர்மீது இதே புகார் வந்திருந்தால், உங்கள் ஒருங்கிணைப்பாளர் அன்றிரவே நான்கு வரி போட்டிருப்பாரா, அல்லது ஆதாரம் எங்கே என்று ஆறு மாதம் கேட்டிருப்பாரா? ஆளைப் பார்த்து வேகம் மாறும் இடத்தில்தான் எழுதி வைத்த நடைமுறை தேவைப்படுகிறது. விசாரணை முடியும்வரை இன்னார் முகாம்களுக்கு வர வேண்டாம் என்று தனியே, தீர்ப்புச் சொல்லாமல், கடிதம் கொடுத்திருக்கலாமே.

பள்ளி மாணவர்களும் உங்களோடு வருவார்கள் என்று நினைக்கிறேன். பதினெட்டு வயது நிறையாதவர் பாதிக்கப்பட்டால் குழு விசாரணைக்காகக் காத்திருக்கவே கூடாது. போக்சோ சட்டப்படி, தெரிந்தவுடன் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும், மறைப்பது தனிக் குற்றம்.

ஏரிக்கரைவாசி:

மூவருக்கும் நன்றி. அந்த வரியை எடுத்துவிட்டேன். ஒரே ஒரு ஐயம்: பெயர் போடாத புகாரை என்ன செய்வது? எங்கள் கருவி அறையின் கதவிடுக்கில் அப்படி ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது.

அஸ்தம்பட்டி வழக்கறிஞர்:

பெயரில்லாத சீட்டை வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது. ஆனால் சீட்டில் சொன்னது இரவுத் தங்குமிடம் பற்றியதாக இருந்தால், தங்கும் ஏற்பாட்டை மாற்ற யாருடைய பெயரும் தேவையில்லை. எழுதத் தயங்குபவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை என்று சட்டமே சொல்கிறது. அதை உங்கள் விதிமுறையின் முதல் பக்கத்தில் போடுங்கள். புகாரை நிரூபிக்க முடியாமல் போனதற்காக மட்டும் புகார்தாரர்மீது நடவடிக்கை எடுக்க முடியாது என்பதையும் அதற்குக் கீழேயே எழுதுங்கள். பலர் பேசாமல் இருப்பதற்கு அந்தப் பயமே காரணம்.

சென்ற ஆண்டு நடந்ததற்குச் சட்டத்தின் மூன்று மாதக் கெடுவும், நீட்டித்துத் தரக்கூடிய அடுத்த மூன்று மாதமும் கடந்திருக்கலாம். உங்கள் சொந்த விதியில் கூடுதல் காலம் வைத்துக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. அந்தப் பெண் தோழரிடம் ஒரு பெண் உறுப்பினர் நேரில் போய், இப்போதாவது எழுதித் தர விருப்பமா என்று ஒரே ஒரு முறை கேட்கட்டும், வற்புறுத்த வேண்டாம். வாட்ஸ்அப்பில் அந்த நான்கு வரி இன்னும் இருக்கிறதா?

ஏரிக்கரைவாசி:

இருக்கிறது, ஐயா. இன்றைக்குக் காலையில்கூட யாரோ அதற்குக் கட்டைவிரல் போட்டிருக்கிறார்கள்.